பெல்ட் போட்டும் பீப் அடிக்கிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சீட் பெல்ட் எச்சரிக்கை காரணமில்லாமல் அடிக்க ஆரம்பித்தால், அதை எப்படி நிறுத்துவது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலையும் கம்பெனி வாகனங்களுக்கு டிராக்கர் (வண்டி எங்கே, எப்படி ஓடுகிறது என்று தகவல் அனுப்பும் கருவி) பொருத்தும் வேலையும் பார்க்கும் எனக்கு, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கவலையாக இருக்கும். சத்தத்தை நிறுத்தினால் கோளாறு போய்விடாது. யாருக்கும் தெரியாமல் உள்ளேயே இருக்கும். முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் அணிந்திருந்தால் விபத்தில் உயிர்போகும் அபாயம் ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பெல்ட்டை நினைவூட்டும் சத்தம் சரியாக வேலை செய்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் மீதி எளிது. பெல்ட் உங்கள் மார்பின் குறுக்கே கிடக்கிறதா என்பது வண்டிக்குத் தெரியாது. பக்கிளுக்குள் (பெல்ட்டைச் சொருகும் பூட்டு) நாக்கு (பெல்ட் நுனியில் உள்ள உலோகத் தகடு) நுழைந்திருக்கிறதா, சீட்டில் எடை இருக்கிறதா, வண்டி நகர்கிறதா, இந்த மூன்றை மட்டும் பார்த்து அது ஒரு முடிவுக்கு வருகிறது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மூன்றில் எதை வண்டி தப்பாகப் படிக்கிறது?

கை வைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்கையோ, விபத்தின்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனரையோ சேர்ந்தது. பிரிடென்ஷனருக்குள் வெடிமருந்து இருக்கிறது. அந்த வயரில் மல்டிமீட்டரை ஓம் அளவில் (மின்தடை பார்க்கும் அளவு) வைத்துப் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம் அதைத் தூண்டிவிடும் அபாயம் உண்டு. கனெக்டரைக் கழற்ற வேண்டுமென்றால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். சில வண்டிகளுக்கு 90 விநாடி போதும், சிலவற்றுக்குப் பல நிமிடங்கள் வேண்டும். இணைப்பு கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து பிழைக் குறியீடு பதிவாகிவிடும். அதை அழிக்க, வண்டியின் கணினிகளோடு பேசும் ஸ்கேனர் கருவி தேவைப்படும்.

அறிகுறி: பெல்ட் போட்ட பிறகும் விளக்கு எரிகிறது, சத்தம் நிற்கவில்லை

அதிகம் பார்ப்பது இதைத்தான். முதலில் நாக்கைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். "டிக்" என்று கேட்டுப் பிடித்துக்கொண்டதா, அரைகுறையாக நிற்கிறதா? அரைகுறையாக நின்றால் எச்சரிக்கை பொய் சொல்லவில்லை, பெல்ட்டே பூட்டவில்லை. அது சரியாகும்வரை அந்தச் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பின் சீட்டாக இருந்தால் நாக்கு சரியான பக்கிளில்தான் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடு சீட்டின் பக்கிளும் ஓரச் சீட்டின் பக்கிளும் ஒட்டி ஒட்டி இருப்பதால் மாற்றிச் சொருகுவது சகஜம்.

அடுத்து டார்ச் அடித்துப் பக்கிளுக்குள் பாருங்கள். நாணயம், தின்பண்டத் துகள், காகிதத் துண்டு, முடிக்கற்றை என்று பலதும் உள்ளே விழுந்து கிடக்கும். சிறு முனை பொருத்திய வேக்யூமால் உறிஞ்சி எடுங்கள். காற்றழுத்தத்தால் ஊதினால் துகள் இன்னும் ஆழத்துக்குப் போய்விடலாம். எண்ணெய், லூப்ரிகன்ட் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள். முதல் சில நாள் பக்கிள் வழவழப்பாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டிப் பூட்டு இறுகிவிடும். தண்ணீரையும் ஊற்றக் கூடாது, உள்ளே ஸ்விட்ச் இருக்கிறது.

துப்பரவு செய்த பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்திப் பத்துத் தடவை பூட்டித் திறந்து, டேஷ்போர்டு விளக்கைக் கவனியுங்கள். பத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் விளக்கு அணையாமல் இருந்தால் ஸ்விட்ச் தேய்ந்துகொண்டிருக்கிறது. பத்து முறையும் அணையவில்லை என்றால் ஸ்விட்சோ வயரோ போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில் மீட்டரைவிட ஸ்கேனர் மேல். ஏர்பேக் மாடியூலை, அதாவது ஏர்பேக் கணினியை, படிக்கக்கூடிய ஸ்கேனரை மாட்டி, லைவ் டேட்டாவில் (அந்த நொடியின் தகவல்) பக்கிள் நிலையைப் பாருங்கள். "பூட்டியது" என்று ஸ்கேனர் காட்டியும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் பக்கிளைத் தொட வேண்டாம். செய்தி ஏர்பேக் மாடியூலிலிருந்து மீட்டர் பேனலுக்குப் போகும் வழியில்தான் பிரச்சினை. "பூட்டவில்லை" என்று ஸ்கேனரே காட்டினால் பக்கிளும் அதன் வயரும்தான் குற்றவாளி.

ஓம் மீட்டரை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. பழைய வண்டிகளில் பக்கிளுக்குள் சாதாரண மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும், அதை ஓம் அளவில் சோதிக்கலாம். ஆனால் பல புதிய வண்டிகளில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கிறது. இரண்டே வயர் கொண்ட ஹால் சென்சார், நிலையைச் சொல்வது மின்தடையால் அல்ல, மின்னோட்டத்தால். ஒரு நிலையில் சுமார் 5 முதல் 7 மில்லிஆம்பியர், மறு நிலையில் சுமார் 12 முதல் 17 மில்லிஆம்பியர் ஓடும். மின்சாரம் ஓடாத அந்தச் சென்சாரில் ஓம் பார்த்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நல்ல பக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதில்தான் அது முடியும்.

ஸ்விட்ச் போய்விட்டது உறுதியானால் பக்கிளை முழுதாக மாற்றுங்கள், பிரித்து ஒட்டுப்போட வேண்டாம். உடைத்துப் பிரித்த பழைய வண்டியிலிருந்து எடுத்த பக்கிளும் வேண்டாம். அது விபத்தில் ஒருமுறை முழுச் சுமையையும் தாங்கியதாக இருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது.

அறிகுறி: மேடு பள்ளத்தில் மட்டும் பீப், சீட்டை நகர்த்தினால் வருகிறது, போகிறது

இதற்கு நேராகச் சீட்டின் அடியில் போங்கள். சீட் முன்னும் பின்னும் ஓடும்போதெல்லாம் வயர்க்கட்டு மடிந்து நிமிர்கிறது. ஒன்று வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கும். வண்டியை நிறுத்தி, பெல்ட்டைப் பூட்டி, சீட்டைக் கடைசிவரை மெதுவாக நகர்த்திக்கொண்டே விளக்கைப் பாருங்கள். எந்த இடத்தில் மின்னுகிறதோ அந்த நிலையில் வயர் எங்கே இழுபடுகிறது என்று தேடினால் போதும். சீட்டுக்கு அடியில் திணித்து வைத்த குடை, தண்ணீர் பாட்டில், துணிப்பை எல்லாம் இந்த வயரைத்தான் இழுக்கின்றன. அங்கே எதையும் வைக்காதீர்கள்.

அறிகுறி: காலி சீட்டுக்குப் பீப் அடிக்கிறது

பையோ லேப்டாப்போ சீட்டில் இருந்தால் இது கோளாறில்லை, எடையைப் பார்த்து ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. பையைக் கீழேயோ டிக்கியிலோ வையுங்கள். அவசர பிரேக் போட்டால் சீட்டில் கிடக்கும் பை பறந்து வரும் என்பதாலும் அதுதான் சரி.

காலி சீட் பெல்ட்டைப் பூட்டிவிட்டுப் பையை வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அடுத்து அங்கே உட்காருபவர் பூட்டிய பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்துவிடுவார், வண்டியும் ஒன்றும் சொல்லாது.

ஒன்றுமே வைக்காத சீட்டுக்கும் அடித்தால், சீட்டுக்குள் எந்த வகைச் சென்சார் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மெத்தைக்கு அடியில் அழுத்தம் உணரும் மெல்லிய பாய், திரவம் நிரப்பிய பை, சீட் தண்டவாளத்தில் எடை அளக்கும் சென்சார்கள், உடலின் மின்புலத்தை உணரும் கெப்பாசிட்டிவ் பட்டை என்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தவறும். இறுக்கமான சீட் கவர் பாயை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும்; கவரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கெப்பாசிட்டிவ் பட்டைக்கு ஈரம் ஆகாது. தண்ணீரோ பானமோ கொட்டியிருந்தால் முழுதாகக் காயும்வரை காத்திருங்கள். தண்டவாளச் சென்சார் உள்ள சீட்டுக்கு அடியில் ஏதாவது பொருள் முட்டுக்கொடுத்து நின்றாலும், பின்னால் இருப்பவர் முழங்காலால் தள்ளினாலும் கணக்கு மாறும். மெத்தையையோ சென்சாரையோ மாற்றியிருந்தால் காலி சீட்டைப் பூஜ்ஜியம் என்று மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு வண்டியை வெளியே அனுப்பினால் மறுநாளே திரும்பி வரும்.

பல வண்டிகளில் இதே சென்சார்தான் முன்பக்கப் பயணியின் ஏர்பேக் விரிய வேண்டுமா என்பதற்கும் தகவல் தருகிறது. பீப் சத்தம் தொல்லை என்று சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரைப் பிடுங்குபவர்கள், கூடவே ஏர்பேக்கையும் குழப்பிவிடுகிறார்கள்.

காலி சீட்டுக்கு அடிக்கும் பொய் எச்சரிக்கையை அற்பம் என்று தள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில், முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. சீட்டில் சாமான் பையை வைத்தாலும் வண்டி கிளம்ப மறுத்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டாயத்தைச் சட்டம் நீக்கியது. அதோடு, கட்டாய எச்சரிக்கைச் சத்தம் 8 விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. அந்த 8 விநாடி வரம்பு விலக 2012 வரை ஆயிற்று. சரியாகப் படிக்காத ஒரு சென்சார், உயிர்காக்கும் ஏற்பாட்டைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

அறிகுறி: பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், வண்டி வாய் திறக்கவில்லை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், யாரும் புகார் சொல்லி வராததும் இதுதான்.

நிறுத்தி வைத்த வண்டியில் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சீட் பெல்ட்டுக்கான ஐ.நா.வின் 16ஆம் எண் ஒழுங்குமுறையைப் பின்பற்றும் வண்டிகளில் சத்தம் தொடங்குவது வேகத்தையோ, ஓடிய தூரத்தையோ, நேரத்தையோ பொறுத்தது. தயாரிப்பாளர் வைக்கக்கூடிய உச்ச வரம்புகள் மணிக்கு 25 கி.மீ., 500 மீட்டர், 60 விநாடி. அதற்கு முன்பு விளக்கு மட்டும் எரிந்தால் அது சரியே.

ஓடும்போதும் அமைதியாக இருந்தால் பக்கிளுக்குள் வெறும் உலோக நாக்கு எதுவும் சொருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கையை ஏமாற்ற விற்கப்படும் கிளிப் அது. பழைய உரிமையாளர் விட்டுச்சென்றதாகக்கூட இருக்கலாம். எடுத்து எறியுங்கள். அந்தக் கிளிப் சத்தத்தை மட்டும் நிறுத்துவதில்லை; ஆள் பெல்ட் அணிந்திருக்கிறார் என்ற பொய்யை ஏர்பேக் கணினிக்கும் சொல்கிறது. சில வண்டிகளில் ஏர்பேக் எந்த விசையில் விரிய வேண்டும் என்பதே அந்தத் தகவலைப் பொறுத்து மாறும்.

கிளிப் இல்லையென்றால் ஸ்கேனரில் சீட் நிலையைப் பாருங்கள். பெரியவர் உட்கார்ந்தும் "காலி" என்று காட்டினால் சீட் சென்சாரோ அதன் வயரோ போயிருக்கலாம். எடை குறைந்த பிள்ளைகளைச் சில சென்சார்கள் கணக்கிலேயே எடுக்காது, அது வடிவமைப்பு. பீப் வரவில்லை என்பதை வைத்துப் பிள்ளை பெல்ட் போட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், திரும்பிப் பாருங்கள்.

பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பூட்டினாலும், தோள்மேல் வரவேண்டிய பட்டையை அக்குளுக்கு அடியில் போட்டாலும் பெரும்பாலான வண்டிகளுக்குத் தெரியாது. நாக்கு பக்கிளில் இருக்கிறது, அதற்கு அவ்வளவுதான் கேள்வி.

அறிகுறி: பின் சீட்டுக்கு எச்சரிக்கையே இல்லை

பல கார்களில் பின் சீட்டில் எடைச் சென்சார் கிடையாது, பக்கிள் ஸ்விட்ச் மட்டும் இருக்கும். எத்தனை பேர் பூட்டியிருக்கிறார்கள் என்று கிளம்பும்போது காட்டும்; ஓடும்போது யாராவது கழற்றினால் சத்தம் போடும். பூட்டாமலே இருப்பவரைப் பற்றி அதற்குத் தெரியாது. இதைக் கோளாறு என்று நினைத்து வயரைத் தேட வேண்டாம். கழற்றி மாட்டும் சீட்டாக இருந்தால் தரையில் உள்ள தொடுமுனைகளைத் துடைத்துப் பாருங்கள்.

அறிகுறி: ஏர்பேக் விளக்கும் சேர்ந்து எரிகிறது

நீங்களாக எதையும் கழற்றாதீர்கள். சர்வீஸ் சென்டரில் பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இந்த விளக்கு எரியும்போது மோதலில் ஏர்பேக்கோ பிரிடென்ஷனரோ வேலை செய்யாமல் போகலாம், தள்ளிப்போட வேண்டாம். வண்டி ஏற்கெனவே விபத்தில் சிக்கியிருந்தால் பக்கிள் தாழ்ந்திருக்கிறதா, பெல்ட் பட்டை விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். பிரிடென்ஷனர் வெடித்ததற்கான அடையாளம் அது. ஒருமுறை வெடித்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: டிராக்கர் அறிக்கையில் ஓட்டுநர் பெல்ட் போடவில்லை என்று வருகிறது, அவரோ போட்டேன் என்கிறார்

இந்தப் பகுதியைக் கம்பெனி வாகனங்களை நிர்வகிப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓர் ஓட்டுநருக்குத் தொடர்ந்து பல வாரம் "பெல்ட் இல்லை" என்று அறிக்கை வந்து, ஊக்கத்தொகையும் நின்றிருந்தது. நான் வண்டியில் ஏறிப் பார்த்தபோது பக்கிள் நன்றாகவே இருந்தது, அவரும் ஏறியதும் முதல் வேலையாகப் பெல்ட்டைத்தான் போட்டார். தவறு மென்பொருளில்.

கனரக வாகனங்களின் கணினிகள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் ஜே1939 தரத்தில் சீட் பெல்ட் ஸ்விட்சுக்கு 1856 என்ற எண் உண்டு. அது நான்கு விதமாகப் பேசும்: 00 என்றால் பூட்டவில்லை, 01 என்றால் பூட்டியிருக்கிறது, 10 என்றால் நிலையைக் கண்டறிய முடியவில்லை, 11 என்றால் அந்தத் தகவலே இல்லை. அந்த மென்பொருள் 01 தவிர மற்ற எல்லாவற்றையும் "போடவில்லை" என்று எழுதிக்கொண்டிருந்தது. "தெரியவில்லை" என்பதைக் "குற்றம்" என்று மொழிபெயர்த்துவிட்டது. ஆகவே முதலில் டிராக்கரின் மூலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். 10, 11 இரண்டும் அறிக்கையில் தனியாக வர வேண்டும்.

பெல்ட் போட்டால் "பெல்ட் இல்லை" என்றும், கழற்றினால் "உண்டு" என்றும் வந்தால் உள்ளீடு தலைகீழாக அமைக்கப்பட்டிருக்கிறது, அமைப்பில் மாற்றினால் தீரும். தகவலே வராவிட்டால் அந்த வண்டி மாடலை டிராக்கர் ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனரையும் டிராக்கரையும் மாட்டும் இடம்) எல்லா கார்களுக்கும் பொதுவான தரநிலைத் தகவல் பட்டியல் புகை மாசுக் கட்டுப்பாட்டுக்காக உருவானது. சீட் பெல்ட் அதில் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சொந்த மொழியில் கேன் பஸ்ஸில் (வண்டியின் கணினிகளை இணைக்கும் தகவல் வயர்) அனுப்புகிறார். அந்த மொழி தெரியாத டிராக்கருக்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒன்றும் கேட்காது.

நிறுத்தி வைத்த வண்டிக்கு மீறல் பதிவானால் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்திலேயே இடக்குறி கொஞ்சம் அலைந்து, மணிக்கு சில கி.மீ. வேகம் இருப்பதாகக் காட்டும். வேக வரம்பையும், எத்தனை விநாடி தொடர்ந்தால் மீறல் என்பதையும் சற்று உயர்த்துங்கள். அறிக்கை நேரமும் ஓட்டுநர் சொல்லும் நேரமும் சில மணி நேரம் தள்ளிப்போனால், டிராக்கர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, உள்ளூர் நேரத்துக்கு மாற்றப்படவில்லை.

டிராக்கருக்காகப் பக்கிள் வயரை வெட்டி இணைப்பதை நான் செய்வதில்லை, மற்றவர் செய்தாலும் தடுப்பேன். அந்த வயர் ஏர்பேக் கணினிக்குப் போவதாக இருந்தால், கூடுதலாக ஓடும் சில மில்லிஆம்பியரே அதன் கணக்கைக் கெடுத்துவிடும். கேன் வயரை வெட்டாமல் மேலிருந்தே படிக்கும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

அறிகுறி: கேமரா தப்பாகச் சொல்கிறது

கேபினுக்குள் இருக்கும் கேமரா, மற்ற எதுவும் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறது: பெல்ட் உடம்பின் மேல் எங்கே கிடக்கிறது என்பதை. ஆனால் கறுப்புச் சட்டைமேல் கறுப்புப் பெல்ட் என்றால் அதற்கும் தடுமாற்றம்தான். துப்பட்டா, தடித்த ஜாக்கெட், தோள்பையின் வார் எல்லாம் குழப்பும். வார் பெல்ட்டாகத் தெரியும், பெல்ட் துணிக்கு அடியில் மறையும். தவறு பகலில் மட்டுமா, இரவில் மட்டுமா என்று முதலில் பிரியுங்கள். பகலில், அதுவும் காலை மாலை சாய்வெயிலில் மட்டும் என்றால் ஒளி நேராக லென்சில் விழுகிறது, கோணத்தை மாற்றுங்கள். இரவில் மட்டும் என்றால் அகச்சிவப்பு விளக்கு மங்கியிருக்கலாம். அந்த ஒளியில் துணிகளின் நிறமும் வேறாகத் தெரியும். கறுப்புச் சட்டை வெளுத்தும் காட்டும். ஒருநாள் திடீரென எல்லாமே தவறினால் யாரோ கேமராவைத் தட்டித் திருப்பிவிட்டார்கள். ஒரு படத்தைத் திறந்து, தோளும் பக்கிளும் சட்டத்துக்குள் வருகின்றனவா என்று பாருங்கள்.

சாலையோரக் கேமராக்களுக்கும் இதே சிக்கல்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2021 நவம்பர் 1 முதலும், நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதலும் இப்படிப்பட்ட கேமராக்களைக் கொண்டு பெல்ட் மீறலுக்கு அபராதம் விதிக்கிறார்கள். அங்கே கணினி சந்தேகப்பட்ட படத்தை ஒரு மனிதர் பார்த்த பிறகே அபராதம் போகிறது. கம்பெனிக்குள் வைக்கும் கேமராவுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். படத்தைப் பார்க்காமல் யாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பக் கூடாது.

வேலை முடிந்ததும்

வண்டியைக் கொடுப்பதற்கு முன் நான் செய்யும் சோதனை இது. ஆளில்லாத திறந்த இடத்தில், நடக்கும் வேகத்தில், பெல்ட் போடாமல் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். சத்தத்தைச் சோதிக்க வேகம் வேண்டுமென்றால் பெல்ட்டை அணிந்துகொண்டு, பக்கத்து காலி சீட்டில் கனமான பையைக் கட்டி வைத்துச் சோதிப்பேன். என் பெல்ட்டை ஓடும்போது கழற்றுவதில்லை. பிறகு பூட்டியதும் அணைகிறதா, சீட்டை முழுதும் நகர்த்தினாலும் அணைந்தே இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக ஸ்கேனரில் ஏர்பேக் மாடியூலில் பழைய குறியீடு மிச்சமில்லை என்று உறுதி செய்வேன். மோதல் நேர்ந்தால் வண்டியின் நிகழ்வுப் பதிவுக் கருவி, ஓட்டுநர் பெல்ட் அணிந்திருந்தாரா என்பதை இதே ஸ்விட்சைக் கேட்டுத்தான் எழுதிவைக்கும். அன்றைக்கு அந்த ஸ்விட்ச் பொய் சொன்னால், பெல்ட் போட்டவரும் போடாதவராகப் பதிவாகிவிடுவார்.